கையறுநிலையும் ஒரு கழுகுப் படமும்

இறந்தாரை நினைந்து இரங்கிப் பாடுதல் தமிழ்ப் புலவர்தம் தொன்மையான மரபாகும். தொல்காப்பியர் இதனைப் புறத்திணையியலில் கையறுநிலை எனப் பெயரிட்டு ஒரு துறையாகவே வகுத்துள்ளார். பாரியை இழந்த கபிலரும் கோப்பெருஞ்சோழனை இழந்த பொத்தியாரும் பாடிய புறநானூற்றுப் பாடல்களை நம் மாணவர் நன்கறிவர். கையறுதல் என்பது செயலற்றுப் போதல். துயரத்தின் முன் மனிதன் செய்வதற்கு ஒன்றுமின்றி நிற்கும் நிலையை இத்துணைச் சுருக்கமாகச் சொல்லும் சொல் பிறிதொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. இச்சொல்லைத் துணையாகக் கொண்டு, வேற்று நாட்டில் ராக் இசையில் பிறந்த ஓர் இரங்கற்பாடலை இங்கு நோக்குவோம். ராக் என்றாலே இரைச்சல் என்று கருதும் பெரியோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

பாடலும் பாட்டுடைத் தலைவனும்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த பள்ளத்தாக்கு ஒன்றில் பிளாக்வுட் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் இளைஞர்கள் அமைத்த இசைக்குழு 'மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ்'. 1996இல் இக்குழு வெளியிட்ட பாடலின் பெயர் 'கெவின் கார்ட்டர்'. பிரிட்டனின் விற்பனை வரிசையில் அது ஒன்பதாம் இடம் பெற்றது. கேட்போரைத் துள்ளச் செய்யும் மெட்டும், இடையே ஒலிக்கும் டிரம்பெட் இசையும் கொண்ட அப்பாடலின் பொருளோ மரணம்.

பாட்டுடைத் தலைவனான கெவின் கார்ட்டர், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் 1960இல் பிறந்த வெள்ளையர். படைப்பணியில் இருந்தபோது, உணவுக்கூடத்தில் இழிவுபடுத்தப்பட்ட கறுப்பினப் பணியாளர் ஒருவருக்காகப் பரிந்து பேசிச் சக வீரர்களிடம் அடிபட்டவர். பின்னர்ச் செய்திப் புகைப்படக்காரராகி, நிறவெறி ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் நிகழ்ந்த வன்முறையைப் படமெடுத்தார். மனிதரின் கழுத்தில் டயரை மாட்டி எரித்துக் கொல்லும் கொடுமையை 1980களின் நடுவிலேயே நேரில் கண்டு பதிவு செய்தார். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே பணியாற்றிய இவரையும் இவர் நண்பர் மூவரையும் 'பேங் பேங் கிளப்' என்றே அந்நாட்டு இதழுலகம் அழைத்தது.

பாடலை எழுதிய ரிச்சி எட்வர்ட்ஸ் அக்குழுவின் கிதார் கலைஞர். அவரும் மன நோயால் துன்புற்றவர். கார்ட்டர் 1994 ஜூலை 27 அன்று, 33ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆறு திங்களில், 1995 பிப்ரவரி 1 அன்று, எட்வர்ட்ஸ் காணாமற்போனார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர். 2008இல் அவர் இறந்தவராகக் கருதப்படலாம் எனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. எனவே, பாடல் வெளிவந்தபோது பாடப்பட்டவரும் இல்லை, பாடியற்றியவரும் இல்லை. எஞ்சிய நண்பர் மூவர் அதனைப் பாடி இசைத்தனர். பாரி மறைந்தபின் கபிலர் பாடியது ஒரு கையறுநிலை என்றால், இஃது இருமடங்கு கையறுநிலை எனலாம்.

படம்

கார்ட்டரை உலகறியச் செய்த படம் 1993 மார்ச்சில் எடுக்கப்பட்டது. போரும் பஞ்சமும் வாட்டிய சூடான் நாட்டின் அயோட் என்னும் ஊரில் (இன்று அது தென் சூடானில் உள்ளது) உணவு வழங்கும் நிலையத்திற்கு அருகே, எலும்பும் தோலுமான ஒரு குழந்தை தலை கவிழ்ந்து தரையில் கிடக்கிறது. சற்றுப் பின்னே ஒரு பிணந்தின்னிக் கழுகு அமர்ந்திருக்கிறது. மார்ச் 26 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' அதனை வெளியிட்டது. குழந்தை என்னவாயிற்று என்று கேட்டு வாசகர் திரண்டனர். கழுகு விரட்டப்பட்டபின் குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கியது, நிலையத்தை அடைந்ததா என்பது தெரியவில்லை என்று அந்நாளிதழ் நான்காம் நாளில் குறிப்பு வெளியிட்டது. 1994 ஏப்ரலில் அப்படத்திற்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. அதே திங்கள் 18ஆம் நாள், கார்ட்டரின் நெருங்கிய நண்பரும் அந்நால்வருள் ஒருவருமான கென் ஊஸ்டர்புரூக், தோகோசா என்னுமிடத்தில் பணியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று திங்களுக்குப் பின் கார்ட்டரும் மறைந்தார்.

மேடையில் சொல்லப்படும் கதை

இவ்வரலாறு நம் பேச்சுப் போட்டி மேடைகளுக்கும் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தபோது நீதிக்கதையாக மாறிவிட்டது. 'குழந்தையைக் காப்பாற்றாமல் படமெடுத்தான், பரிசு பெற்றான், குழந்தையை நினைத்து மனச்சான்று உறுத்தத் தற்கொலை செய்துகொண்டான்' என்று மாணவர் முழங்க, அவையோர் கைதட்டுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இக்கதையில் மூன்று குறைகள் உள.

முதலாவது, அந்த இறப்பிற்குக் காரணம் ஒன்றன்று. அவர் விட்டுச்சென்ற குறிப்பில் பணமுடை இருந்தது. கண்ட கொலைகளும் பிணங்களும் பட்டினியுற்ற குழந்தைகளும் நினைவில் வந்து வருத்தியது இருந்தது. மாண்ட நண்பரின் பெயர் இருந்தது. போதைப் பழக்கமும் அவரை வாட்டியிருந்தது. ஓர் உயிரின் அழிவை ஒற்றைக் காரணத்தில் அடக்குதல் இறந்தவர்க்கும் நீதியன்று. அத்தகைய துயரில் உள்ள உயிரோர்க்கும் நன்மையன்று.

இரண்டாவது, அவர் வாளா நின்றவர் அல்லர், கழுகை விரட்டியவர். ஆயினும் முழுதும் குற்றமற்றவர் என்றும் நாம் வாதிடவில்லை. கழுகு சிறகு விரிக்குமோ என இருபது நிமிடம் காத்திருந்ததாக அவரே பின்னர்க் கூறினார். குழந்தையைத் தூக்கிச் சென்றிருக்கலாம் என்று நம் நெஞ்சம் சொல்வது இயல்பே. நோய் பரவும் என்பதால் பசித்தோரைத் தொட வேண்டா என்று செய்தியாளர்க்குச் சொல்லப்பட்டிருந்தது என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

மூன்றாவது குறையே பெரிது. குழந்தை அன்று இறக்கவில்லை. 2011இல் 'எல் முண்டோ' என்னும் ஸ்பானிய நாளிதழ் அவ்வூருக்கே சென்று குடும்பத்தாரைக் கண்டது. பெண் குழந்தை என உலகம் நம்பியது ஓர் ஆண் குழந்தை. அன்றைய பஞ்சத்திலிருந்து பிழைத்து வளர்ந்து, ஏறத்தாழ 2007இல் காய்ச்சலால் இறந்ததாகத் தந்தை கூறினார்.

உரையும் மூலமும்

இனி, படத்தை ஒருமுறை உற்று நோக்குக. குழந்தையின் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வளையம் தெரியும். உணவு நிலையத்தில் பதிவு செய்யப்பட்டோர்க்கு அணிவிக்கப்பட்ட வளையம் அது. உதவி அக்குழந்தையை ஏற்கெனவே எட்டியிருந்தது என்பதற்கான சான்று படத்திற்குள்ளேயே இருந்தது. கோடிக்கணக்கானோர் படத்தைக் கண்டனர். வளையத்தைக் கண்டவர் மிகச் சிலர். மூலத்தைப் படிக்குமுன் உரை எழுதிவிட்டோம். சொல்லுக்குச் சொல் மூலத்தோடு நின்று பொருள் கண்ட உரையாசிரியர் மரபில் வந்த நமக்கு இஃது அழகாகுமா?

அவ்வகையில் எட்வர்ட்ஸின் பாடல் போற்றத்தக்கது. துண்டு துண்டான சொற்களால் அமைந்த அது, கார்ட்டரின் பெயரை மீண்டும் மீண்டும் அழைக்கிறது. பரிசையும் புகழையும் எள்ளுகிறது. ஏன் காப்பாற்றவில்லை என்று மட்டும் வினவவில்லை. துன்புற்ற ஒருவர் இன்னொருவர்க்காக இரங்குவதன்றித் தீர்ப்புரைப்பது அங்கில்லை. எனினும் ஒரு குறை கூறத்தான் வேண்டும்: பாடலில் கழுகு உண்டு, குழந்தை இல்லை. படமெடுத்தவரைப் பழித்தோரைப் போலவே அவர்க்காக அழுதோரும் அக்குழந்தையை மறந்தனர்.

இன்று கேமரா இல்லாத கை இல்லை. விபத்து நேர்ந்த சாலையில் கைப்பேசியை உயர்த்துவோரும் நம்மிடையே உளர். கார்ட்டரைப் பழிக்குமுன் நம் கைகளை நாம் நோக்குதல் நன்று. பத்திரிகைத் துறை நாடும் மாணவர்க்கு நாம் கூற விழைவது இரண்டே. முடிந்தவிடத்துக் கை கொடுத்துப் பின் படமெடுங்கள். பிறர் எடுத்த படத்தைப் பரப்புமுன், அதில் உள்ளோர் யார், பின்னர் என்ன ஆனார் என்று கேளுங்கள். கையறுநிலை என்பது செய்வதற்கு வழியே இல்லாதார்க்கு உரிய சொல். கேட்பதற்கு நாவும் கொடுப்பதற்குக் கையும் உடைய நாம் அதனை நமக்கு உரிமையாக்கிக்கொள்ளல் ஆகாது.