சுக்கான் யார் கையில்?

2017 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21 ஆம் நாள் பொழுது புலருமுன், சிங்கப்பூர் நீரிணையை அண்மித்த அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஜோன் எஸ். மக்கெயின்', 'அல்னிக்' என்னும் எண்ணெய்க் கப்பலின் வழியிற் குறுக்கிட்டு இடிபட்டது. பத்து மாலுமிகள் மாண்டனர். அதற்கு இரு திங்கள் முன்னர், யூன் 17 இல், யப்பானுக்கு அண்மையில் 'பிட்ஸ்ஜெரல்ட்' என்னும் போர்க்கப்பல் சரக்குக் கப்பலொன்றுடன் மோதியதில் எழுவர் மாண்டனர். போரில்லை, புயலில்லை. உலகின் வலிமை மிக்க கடற்படை பதினேழு உயிர்களைப் பறிகொடுத்தது. காரணம் யாது?

மக்கெயின் கப்பலிற் சுக்கானும் வேகமும் கணினித் திரைகளின் வழியே ஆளப்பட்டன. இரண்டையும் ஒருங்கே கவனிக்க ஒரு மாலுமி இடர்ப்படுவதைக் கண்ட தலைவர், வேகத்தை மட்டும் அருகிலிருந்தவரிடம் ஒப்படைக்கப் பணித்தார். மாற்றும்பொழுது, எவரும் அறியாமலே, சுக்கானும் அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டது. கப்பல் இடப்புறம் திரும்பிற்று. சுக்கான் செயலிழந்துவிட்டதென மாலுமி அறிவித்தார். வேகத்தைக் குறைக்க முயன்றபோது இரு சுழலிகளுள் ஒன்று மட்டுமே தணிந்தது. கப்பல் மேலும் திரும்பிற்று. ஏறக்குறைய மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்தது.

சுக்கானோ பழுதடையவேயில்லை! தம்மிடம் இல்லாததை இருப்பதாக ஒருவர் நம்பினார். தம்மிடம் வந்துவிட்டதை மற்றவர் அறியவில்லை.

கப்பற்றலைவர் 2018 இல் இராணுவ நீதிமன்றின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நியாயமே. ஆனால், வழக்கு அங்கே முடிவதில்லை. அமெரிக்காவின் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, 2019 இல் வெளியிட்ட தன் அறிக்கையில், கடற்படையின் மேற்பார்வைக் குறைவையே மூலகாரணமாகக் காட்டிற்று; பயிற்சி போதாமையும் செயன்முறைக் குறைவும் அதன் விளைவுகள் என்றது. அன்று கடமையில் நின்றோருட் சிலர், வேறு கருவி கொண்ட வேறொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள். இளம் அதிகாரிகளுக்குக் கரையில் நடந்துவந்த பல வாரப் பயிற்சியை 2003 இலேயே நிறுத்தி, கணினித் தட்டுகளைக் கையிற் கொடுத்தனுப்பியதும் அதே கடற்படையன்றோ?

குற்றம் முழுவதையும் திரையின்மேற் சுமத்துவதும் பிழை. பிட்ஸ்ஜெரல்ட் கப்பலில் எந்தத் திரையும் சுக்கானை ஒளித்துவைக்கவில்லை; எதிர்ப்பட்ட கப்பலைக் காவலில் நின்றோர் காலத்திற் கவனித்துச் செயற்படவில்லை. அங்கும் பயிற்சியே குறைந்திருந்தது.

புதுக்கருவி வேண்டாமென நாம் கூறவில்லை. உழவு இயந்திரத்தை வாங்கிய கமக்காரன், அதை ஓட்டப் பழகாத சிறுவனிடம் கொடுத்து வரம்பு உடைந்தால், சிறுவனை மட்டும் அடிப்பது நீதியாகுமா? வேகத்தை ஆளக் கையாற் பற்றும் பிடிகளையே மீண்டும் பொருத்துவதென 2019 இற் கடற்படை எடுத்த முடிவை வரவேற்கிறோம். ஆயினும், பிடி பயிற்சியைத் தராது.

நீர் பள்ளத்தை நாடும். பொறுப்பு அவ்வாறு நாடலாகாது. கருவியைக் கொடுத்தவனும், கற்பிக்க மறந்தவனும், செலவை மிச்சம் பிடித்தவனும் சுக்கானைப் பிடித்தவனுடன் ஒரே கூண்டில் நிற்க வேண்டும். அதுவே மாண்ட பதினேழு பேருக்கும் செய்யத்தக்க நீதி.