ஆய்வு பழகவும் உதவித்தொகை வேண்டும்

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பழகும் பையனுக்கு மாத உதவித்தொகை உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தந்த உரிமை அது. என் அப்பா அங்கே ஃபிட்டர். பழகுகிறவனுக்கும் வயிறு இருக்கிறது என்பார்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். நன்றாகப் படிக்கும் என் மாணவி ஒருத்தி, கோடை விடுமுறையில் என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்தில் உதவித்தொகை கிடைக்கும். நல்ல திட்டம்தான்; ஆனால் நாடு முழுக்கப் போட்டி. இடம் கிடைக்காதவர்கள் காசு வாங்காமல் ஆய்வகத்துக்குப் போகலாம், வீட்டில் வசதி இருந்தால்.

ஊரிலிருந்தே செய்யக்கூடிய ஆய்வும் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். அந்தப் பழைய படங்கள் இன்று டிஜிட்டல் வடிவில் இருக்கின்றன. புள்ளிகளை அளக்கவும் அவற்றின் நகர்வைக் கணக்கிடவும் மலையேற வேண்டியதில்லை. திருச்சியில் ஒரு கணினியும் பொறுமையான ஆசிரியரும் போதும். இளநிலை மாணவரால் செய்ய முடிகிற உண்மையான ஆய்வு இது.

சி.வி. ராமன் பிறந்தது திருச்சியின் திருவானைக்காவலில். கலாம் இயற்பியல் படித்தது இங்குள்ள செயின்ட் ஜோசப் கல்லூரியில். மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதோடு நிற்பது நியாயமில்லை. பணிமனைப் பழகுநர் பெறும் அளவுக்காவது, கோடையில் ஆய்வு பழகும் மாணவருக்கும் மாநில அரசு மாதந்தோறும் தர வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அதை அறிவிக்க வேண்டும்.