கட்டடத்துக்கு ஓர் ஏடு

ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் செலவாகும் எரிசக்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் கட்டடங்களுக்குள்ளேயே செலவாகிறது என்பதும், இன்று நிற்கும் கட்டடங்களில் நூற்றுக்கு 85க்குக் குறையாதவை 2050ஆம் ஆண்டிலும் நின்றுகொண்டிருக்கும் என்பதும் அந்த ஒன்றியமே கூறும் கணக்குகள். ஆகவே, இருப்பவற்றைச் செப்பனிடுவதன்றி அங்கே வேறு மார்க்கம் இல்லை. அப்படியிருந்தும் அந்தக் காரியம் ஆண்டுக்கு 1 சதவீதம் என்னும் வேகத்திலேயே நகர்வதற்குப் பணத்தட்டுப்பாடு ஒரு காரணமென்றால், எந்தக் கட்டடத்தில் எதை முதலில் செய்வது என்று சொல்லும் ஆதாரம் எவர் கையிலும் இல்லாமை அதற்குச் சற்றும் குறையாத காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அலுவலகம், அங்காடி போன்ற கட்டடங்களில் இந்தக் குறை மிகவும் அதிகம். சொந்தக்காரர் ஒருவர், குடியிருந்து தொழில் நடத்துபவர் வேறொருவர், இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் மூன்றாமவர் என்றிருக்கும் இடத்தில், வரைபடம் ஒருவரிடமும், மின்கட்டண ரசீது மற்றொருவரிடமும், கொதிகலனின் குணாகுணங்கள் ஒரு பழைய மெக்கானிக்கின் ஞாபகத்திலும் சிதறிக் கிடக்கின்றன. அவர் ஓய்வுபெறும் நாளில் அந்த ஞானமும் அவரோடு போய்விடுகிறது.

இந்த அவலத்துக்குப் பரிகாரம் தேடிய தேசங்களில் பிரான்ஸ் முதன்மையாகச் சொல்லத்தக்கது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதைத் தொடர்ந்து 2019 ஜூலையில் பிறந்த ஆணையையும் ஆதாரமாகக் கொண்டு, 1,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள சேவைத் துறைக் கட்டடங்கள் யாவும், 2010க்கு முற்படாத ஓர் ஆண்டின் நுகர்வை அளவுகோலாக வைத்து, 2030க்குள் 40 சதவீதமும், 2040க்குள் 50 சதவீதமும், 2050க்குள் 60 சதவீதமும் குறைத்தாக வேண்டும், அல்லது அந்தந்த வகைக்கு விதித்த அளவையாவது எட்டியாக வேண்டும் என்று அந்நாடு நிர்ணயித்தது. ‘ஓபெராட்’ என்ற அரசாங்க இணையப் பதிவேட்டில் ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் நுகர்வைப் பதிய வேண்டும். குளிர்காலத்தின் கடுமைக்கு ஏற்பக் கணக்கு சரிசெய்யப்படுகிறது. கடமை சொந்தக்காரரையும் வாடகைதாரரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. காகிதத்தில் ஊகித்த மதிப்பை விட்டு, மானி காட்டிய உண்மையைச் சாட்சியாக ஏற்றதே இந்த ஏற்பாட்டின் தலையாய சிறப்பு.

ஆயினும், எவ்வளவு செலவாயிற்று என்று சொல்லும் கணக்கு, இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு செய்யுமுன் புதிய கொதிகலனை வாங்கி வைத்தால், பின்னர் காப்பு முடிந்து தேவை குறைந்ததும், அது தேவைக்கு மிஞ்சிய பெரும் இயந்திரமாகி, அதில் போட்ட மூலதனத்தில் ஒரு பகுதி பல ஆண்டுகளுக்கு வீணாகிவிடும். ஜன்னல்களை இறுக மாற்றிவிட்டுக் காற்றோட்டத்தை மறந்தால், ஈரம் தங்கிச் சுவர் பூஞ்சை பிடிக்கும். வரிசை தவறிய நல்ல வேலை, செய்யாத வேலையைவிடச் சில சமயம் அதிக நஷ்டம் விளைவிக்கும்.

கோயில் திருப்பணியில் நம் முன்னோர் இந்த முறைமையை உணர்ந்திருந்தனர். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராஜராஜன் ஆணையிட்டபோது, அங்கிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் பெயர்த்தெழுதச் செய்தான்; அவை இராஜேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. பதிவைக் காத்த பிறகே பழையதில் கைவைப்பது என்பது அந்நாளிலேயே அறிந்த தர்மம்.

2024ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கட்டட எரிசக்தி நெறிமுறை இந்தத் திசையில் ஒரு நல்ல அடி வைத்திருக்கிறது. வீடல்லாத கட்டடங்களில் மிக மோசமானவை எனத்தக்க 16 சதவீதத்தை 2030க்குள்ளும், 26 சதவீதத்தை 2033க்குள்ளும் மேம்படுத்த வேண்டும் என விதித்ததோடு, நிபுணர் ஒருவர் நேரில் பார்த்து, வேலைகளைக் கட்டம் கட்டமாக வகுத்துத் தரும் ‘புனரமைப்புக் கடவுச்சீட்டு’ என்ற மின்னணு ஆவணத்தையும் அது வரையறுத்திருக்கிறது. ஆனால் அந்தந்த அரசாங்கம் கட்டாயமாக்கினாலன்றி, அதைப் பெறுவதும் பெறாததும் சொந்தக்காரரின் விருப்பம். ஜெர்மனியில் 2017இல் வந்த புனரமைப்புத் திட்டமும், பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் 2018இல் வந்த மின்னேடும் வீடுகளை உத்தேசித்தே பிறந்தவை. பெருநுகர்வோரான கட்டடங்களுக்கோ கணக்கு உண்டு, வழிகாட்டி போதவில்லை.

நுகர்வு விவரம் வெளிப்பட்டால் வியாபார ரகசியம் வெளிப்படும் என்று சில ஸ்தாபனங்கள் அஞ்சுவது முற்றிலும் நியாயமற்றது அன்று. யார் எதைப் பார்க்கலாம் என்பதற்கு எல்லை வகுப்பது அதற்குப் போதிய பரிகாரம். சிறிய நகரசபைகள் நிபுணரின் ஊதியத்தைத் தாங்கமாட்டா என்ற வாதமும் மெய்யே. அதனால்தான் அந்தச் செலவை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்கிறேன். ஆயிரக்கணக்கில் அங்கே கொடுப்பது, பின்னர் லட்சக்கணக்கில் தவறான இயந்திரத்துக்குக் கொடுக்காமல் காக்கும்.

எனவே, பொதுமக்களின் வரிப்பணத்தால் நிற்கும் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் இந்தக் கடவுச்சீட்டை முதலில் கட்டாயமாக்குக. ஆண்டுக் கணக்கையும் வேலை வரிசையையும் ஒரே ஏட்டில் இணைத்திடுக. எந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாழ்வுக்கும் கட்டுப்படாத பொது வடிவில் அதை வைத்திடுக. கட்டடம் கைமாறும்போது சாவியோடு ஏடும் கைமாறும்படி சட்டம் செய்திடுக. 2030க்கு எஞ்சியுள்ள காலம் சொற்பம். அதற்குள் வேலையைத் தொடங்கும் ஒவ்வொரு கட்டடமும் சரியான முனையிலிருந்து தொடங்குவதற்கு இதைவிட மலிவான சாதனம் அரசாங்கங்களின் கையில் வேறில்லை.