ஒரு ரூபாய் சலுகையில் முக்கால் ரூபாயைத் திரும்ப எடுத்த சர்க்கார்!

மனை விலை விழுந்தபோது தூக்கி விட வந்தவர்கள் செய்த கணக்கு என்ன?

(நமது நிருபர்)

கல்லாவி:-

ஏழை ஒரு மனை வாங்கினால் அது வியாபாரம் அல்ல. மகள் கல்யாணத்துக்கும், மகன் படிப்புக்கும் அவன் காசு போட்டு வைக்கிற உண்டியல். அந்த உண்டியலின் வாய் 2016-ல் அடைபட்டது. 2017-ல் "திறந்து விட்டோம், சலுகையும் தருகிறோம்" என்றது சர்க்கார். 2023-ல் கொடுத்த சலுகையைத் திரும்ப எடுத்துக் கொண்டது.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் யார்? கல்லாவி, ஊத்தங்கரை, சாமல்பட்டி, மத்தூர் பக்கம் இருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மாதா மாதம் தவணை கட்டிய சாதாரண ஜனங்கள்!

அவர்களுடைய கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

தவணை மனை வந்த கதை

1970-களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. பின்னாலேயே கம்பெனிகள் வந்தன. பெங்களூர் வீங்க வீங்க ஓசூரும் வீங்கியது. ஓசூரில் மனை விலை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனதும், மாவட்டத்தின் உள்பகுதிகளில் மாந்தோப்பும் கடலைக் கொல்லையும் மனைகளாக மாறின.

கல் நட்டார்கள். கலர் கொடி கட்டினார்கள். "மாதத் தவணை கட்டினால் போதும், பத்திரச் செலவு எங்களுடையது, குலுக்கலில் தங்கக் காசு" என்று நோட்டீஸ் அடித்தார்கள். வேனில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, மனையைக் காட்டினார்கள்.

"அப்ரூவல் இருக்கா?" என்று கேட்டவர்களுக்கு, "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று ரப்பர் ஸ்டாம்பு குத்திய வரைபடத்தைக் காட்டினார்கள். டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இலாகாவின் அனுமதி இல்லாமல் ஊராட்சித் தலைவர் மட்டும் குத்தும் ஸ்டாம்பு செல்லாது என்பது, பாவம், வாங்கியவருக்குத் தெரியாது.

பத்திர ஆபீசுக்குமா தெரியாது?

வருஷக்கணக்காக இந்த மனைகளைப் பதிவு செய்தவர்கள் அவர்கள்தான். முத்திரைத்தாள் காசும் பதிவுக் கட்டணமும் கஜானாவுக்குப் போய்க் கொண்டே இருந்தன. காசு வாங்கும்போது யாரும் "இது அங்கீகாரம் இல்லாத மனை" என்று கையைப் பிடித்துத் தடுக்கவில்லை!

நாலு வருஷம் தூங்கிய சட்டம்

இதில் இன்னொரு வேடிக்கை. அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்ய மறுக்கலாம் என்று பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து 2012-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் அமலுக்குக் கொண்டு வரவில்லை. கோட்டை பீரோவில் நாலு வருஷம் தூங்கியது. அந்த நாலு வருஷத்தில் தமிழ்நாடு முழுவதும் எத்தனை கொல்லை மனையானது, எத்தனை குடும்பம் பணத்தைக் கொட்டியது!

கடைசியில் வக்கீல் யானை ராஜேந்திரன் போட்ட பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9-ந்தேதி சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்றது. அதன் பிறகுதான் கோட்டை விழித்தது. அக்டோபர் 20-ந்தேதி 22-ஏ அமலுக்கு வந்தது.

நீதிமன்றத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரோடு இல்லாமல், சாக்கடை இல்லாமல், விளைநிலத்தை வெட்டி விற்றதை யாராவது ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அடி யார் முதுகில் விழுந்தது? விற்றவன் காசை எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாங்கியவன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்!

அடி மேல் அடி

தடை வந்து இரண்டே மாதம். நவம்பர் 8-ந்தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ரொக்கத்தில் நடந்த வியாபாரம் ஒரே ராத்திரியில் நின்றது. அடுத்த வருஷம் ஜூன் மாதம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டு விதிகள். ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

மனை வியாபாரம் படுத்தது. பத்திர ஆபீசில் கூட்டம் குறைந்தது. பத்திரம் எழுதுகிறவர், ஜெராக்ஸ் கடைக்காரர், வாசலில் டீ விற்பவர் வரைக்கும் அடி வாங்கினார்கள். கல்யாணச் செலவுக்கு மனையை விற்கலாம் என்று இருந்தவர்கள் வட்டிக்கடைக்குப் போனார்கள். விற்க மனை இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. ஆள் வந்தாலும் பதிவு இல்லை!

இந்த நேரத்தில்தான் சர்க்கார் "கை கொடுக்கிறேன்" என்று வந்தது.

33 சதவீத மாயம்

2017 ஜூன் 9-ந்தேதி முதல் தமிழ்நாடு முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைந்தது. பத்திர ஆபீஸ் பாஷையில் 'கைடுலைன் வேல்யூ'. மூன்றில் ஒரு பங்கு குறைப்பு என்றதும் ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அதே நாளில் இன்னொரு காரியமும் நடந்தது. பதிவுக் கட்டணம் 1 சதவீதத்தில் இருந்து 4 சதவீதமாக உயர்ந்தது!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி மனை. சதுர அடிக்கு வழிகாட்டி மதிப்பு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3 லட்சம்.

பழைய கணக்கு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஆக 8 சதவீதம். கட்ட வேண்டியது 24,000 ரூபாய்.

புதுக் கணக்கு: மதிப்பு 2 லட்சத்து ஆயிரமாகக் குறைகிறது. ஆனால் 7-ம் 4-ம் சேர்ந்து 11 சதவீதம். கட்ட வேண்டியது 22,110 ரூபாய்.

மிச்சம் எவ்வளவு? 1,890 ரூபாய்!

மதிப்பை மட்டும் குறைத்து, கட்டணத்தைத் தொடாமல் விட்டிருந்தால் 16,080 ரூபாய்தான் ஆகியிருக்கும். 7,920 ரூபாய் மிச்சமாகி இருக்கும். அதில் 6,030 ரூபாயைப் பதிவுக் கட்டணம் என்ற பெயரில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதாவது ஒரு ரூபாய் சலுகையில் 76 காசு மறுபடி கஜானாவுக்கே போனது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இதில் பொரியிலும் முக்கால்வாசியைப் பிடுங்கிக் கொண்டார்கள்!

"சர்க்காருக்கு வருமானம் குறையக் கூடாதே" என்பார்கள். சரிதான். அப்படியானால் அதற்குச் சலுகை என்று பெயர் வைக்காதீர்கள்.

விவசாயிக்கு விழுந்த வெட்டு

வழிகாட்டி மதிப்பு என்பது இருபக்கமும் கூர்மையான கத்தி. மனை வாங்குகிறவனுக்கு அது குறைந்தால் லாபம். நிலம் கொடுக்கிற விவசாயிக்கு அது குறைந்தால் நஷ்டம்.

2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, இழப்பீடு கணக்குப் போட முத்திரைச் சட்டப்படியான மதிப்பு ஓர் அளவுகோல். பக்கத்தில் நடந்த விற்பனைகளின் சராசரி இன்னொரு அளவுகோல். எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் அந்த முதல் அளவுகோல் அப்படியே சரிகிறது. சிப்காட்டுக்கும் ரோட்டுக்கும் நிலம் கொடுக்கிற மாவட்டம் நம் கிருஷ்ணகிரி மாவட்டம். இங்கே அது சின்ன விஷயமா?

வியாபாரம் படுத்த நேரத்தில் குறைக்க வேண்டியது மதிப்பை அல்ல, சதவீதத்தை. 8-ஐ 5 ஆக்கியிருந்தால் மனை வாங்குகிறவனுக்கும் நிம்மதி, விவசாயிக்கும் பாதகம் இல்லை. நம் ஆட்சியாளர்கள் நேர் எதிராகச் செய்தார்கள். மதிப்பை இறக்கி, சதவீதத்தை ஏற்றினார்கள்!

பக்கத்து ராஜ்யங்கள் என்ன செய்தன?

செய்ய முடியாத காரியமா இது? கொரோனா காலத்தில் மராட்டியத்தைப் பாருங்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் முத்திரைத் தீர்வையை 5 சதவீதத்தில் இருந்து 2 சதவீதமாகக் குறைத்தார்கள். 2021 மார்ச் வரை 3 சதவீதம். தேதி சொல்லிக் கொடுத்தார்கள். ஜனங்கள் ஓடிவந்து பதிவு செய்தார்கள்.

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2020-ல், 20 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புது அடுக்குமாடி வீடுகளுக்குத் தீர்வையை 5-ல் இருந்து 2 சதவீதம் ஆக்கினார்கள். 2022 ஜனவரி முதல் மார்ச் வரை வழிகாட்டி மதிப்பில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள். அதற்காகக் கட்டணத்தை நாலு மடங்கு ஆக்கவில்லை.

அவர்களும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. 2025 ஆகஸ்ட் 31 முதல் கர்நாடகமும் பதிவுக் கட்டணத்தை 1-ல் இருந்து 2 சதவீதமாக உயர்த்திவிட்டது. ஆனால் வியாபாரம் விழுந்து கிடந்த நேரத்தில் நிஜமாகவே கொஞ்சம் விட்டுக் கொடுத்தார்கள்.

சுற்றிச் சுற்றி அதே இடம்

நம் கதைக்கு வருவோம். 2023 ஏப்ரல் 1 முதல் வழிகாட்டி மதிப்பை 2017 ஜூன் மாதத்துக்கு முன் இருந்த இடத்துக்கே ஏற்றினார்கள். பதிவுக் கட்டணத்தை 4-ல் இருந்து 2 ஆக்கினார்கள். நம்முடைய அதே மனைக்கு இப்போது கணக்கு: 3 லட்சத்துக்கு 9 சதவீதம், 27,000 ரூபாய். சலுகையே இல்லாத 2016-ல் கட்டியதைவிட 3,000 ரூபாய் அதிகம்!

அதையும் முறையாகச் செய்தார்களா? ஒரு சுற்றறிக்கையில் முடித்துவிட்டார்கள். வழக்கு வந்தது. உரிய விதிமுறையைப் பின்பற்றவில்லை என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பிறகு 2024 ஜூலை 1 முதல் புது வழிகாட்டி மதிப்பு வந்தது.

2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை உள்ள சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி. நல்ல காரியம், வரவேற்போம். ஆனால் கூட்டிப் பாருங்கள். 7-ம் 1-ம் 8 சதவீதம். 2016-ல் ஆண், பெண் எல்லாரும் கட்டிய அதே 8 சதவீதம்! அன்றைக்குச் சாதாரணமாக இருந்தது இன்றைக்குச் சலுகை ஆகிவிட்டது.

கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் கூட்டல் கழித்தல் மட்டும் மாறுவதில்லை.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

பழைய மனைகளைச் சரி செய்ய 2017 மே 4-ந்தேதி வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் தாங்காது என்று கூச்சல் எழுந்ததும் அக்டோபர் மாதம் குறைத்தார்கள். கெடுவைப் பலமுறை நீட்டித்தார்கள். இருந்தும் இழுத்துக்கொண்டே போனது.

ஏன்? மனைப்பிரிவு போட்டவர் வந்து முழு வரைபடத்தையும் கொடுத்துப் பணம் கட்டினால் வேலை சுலபம். அவர் எங்கே வருகிறார்? கம்பெனி போர்டைக் கழற்றி எத்தனையோ வருஷம் ஆகிறது! ஆகவே மனை வாங்கியவனே வரைபடத்துக்கு அலைகிறான், வரன்முறைக் கட்டணம் கட்டுகிறான், வளர்ச்சிக் கட்டணமும் கட்டுகிறான். கட்டாவிட்டால் வீடு கட்ட அனுமதி கிடையாது. தண்ணீர், கரண்டு இணைப்புக்கும் முட்டுக்கட்டை.

ஏமாற்றியவன் வெளியே, ஏமாந்தவன் கியூவில்! இதுவா நியாயம்?

அடுத்த சரிவு வருமுன்...

இப்போது காற்று மறுபடி திரும்பி இருக்கிறது. போச்சம்பள்ளி சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தது. ஓசூர் பக்கம் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் வந்தது. 2024 ஜூன் 27-ந்தேதி, ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் போதும், கொல்லைகளில் கலர் கொடி ஏறும், நோட்டீசில் "விமான நிலையம் அருகில்" என்று அச்சாகும்.

ஏறுகிற விலை ஒருநாள் இறங்கும். அப்போது மறுபடி சலுகை, மறுபடி கட்டண உயர்வு என்று அதே நாடகம் நடக்கக் கூடாது. நாம் கேட்பது நாலே காரியம்.

வியாபாரம் விழுந்தால் சதவீதத்தைக் குறையுங்கள், வழிகாட்டி மதிப்பில் கை வைக்காதீர்கள்.

சலுகை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சலுகை முடியும் வரை வேறு கட்டணம் எதையும் ஏற்றாதீர்கள்.

வழிகாட்டி மதிப்பை மாற்றும் முன் அந்தந்த ஊர் ஊராட்சி ஆபீசில் பட்டியலை ஒட்டி ஆட்சேபணை கேளுங்கள்.

வரன்முறைக் கட்டணத்தை முதலில் மனைப்பிரிவு போட்டவரிடம் வசூலியுங்கள். ஆளைக் காணோம் என்றால் அவர் பெயரில் உள்ள சொத்தைத் தேடுங்கள். வில்லங்கம் போட்டுப் பார்க்கிற இலாகா உங்களுடையதுதானே?

மனை வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குலுக்கல் தங்கக் காசைப் பார்க்காதீர்கள், டி.டி.சி.பி. நம்பரைக் கேளுங்கள். பெரிய மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் கேளுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொன்னால் வேனை விட்டு இறங்கி விடுங்கள்.

சாதாரண ஜனங்கள் சர்க்காரிடம் இனாம் கேட்கவில்லை. கணக்கைத்தான் கேட்கிறார்கள். கொடுத்ததைக் கொடுத்ததாகவும், எடுத்ததை எடுத்ததாகவும் சொல்லுங்கள். அந்த நாணயம் கூட இல்லாவிட்டால், எத்தனை சலுகை அறிவித்தாலும் ஜனங்கள் முதலில் கேட்கப்போகும் கேள்வி இதுதான்:

"கொடுப்பது இருக்கட்டும், இந்தத் தடவை எவ்வளவு திரும்ப எடுப்பீங்க?"