கழிவுநீர் நிலையம் ஒரு வகுப்பறை

உலகின் பல நகரங்களில் இன்று கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’ முறை, கல்விக்கூடமும் மாநகராட்சியும் கைகோத்ததால் பிறந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே அந்நகர மாநகராட்சிக்கு ஆலோசகராகவும் இருந்த கில்பர்ட் ஃபவுலர், கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் சோதனைகளை 1912-இல் அமெரிக்காவில் கண்டு திரும்பினார். அதை டேவிஹுல்ம் நிலையத்தில் சோதித்தவர்கள் மாநகராட்சி ஊழியர்களான ஆர்டெர்னும் லாக்கெட்டும். அடியில் தங்கிய கசடை ஒவ்வொரு முறையும் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய கழிவுநீரைச் சேர்த்தனர். வாரக்கணக்கில் நீடித்த சுத்திகரிப்பு ஒரு நாளில் முடிந்தது. 1914-இல் முடிவுகள் வெளியாயின. ஃபவுலர் சில ஆண்டுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

நம் சிவில் பொறியியல் மாணவர்கள் இம்முறையைச் சமன்பாடுகளாகப் படிக்கிறார்கள். ஆய்வகத்தில் குளுக்கோஸ் கரைத்த செயற்கைக் கழிவுநீரைச் சோதிக்கிறார்கள். அது ஒருபோதும் முரண்டு பிடிப்பதில்லை. உண்மைக் கழிவுநீர் அப்படியன்று. மழைக்காலத்தில் வெள்ளநீர் புகுந்து அதை நீர்க்கச் செய்யும். திருட்டுத்தனமாக விடப்படும் ஆலைக் கழிவு நுண்ணுயிரிகளைக் கொல்லும். இழைப் பாக்டீரியாக்கள் பெருகினால் கசடு படியாமல் மிதக்கும். இவற்றை ஓர் இயக்குநர் கசடின் நிறத்தையும் நாற்றத்தையும் கொண்டே ஊகித்துவிடுவார். அந்த அறிவு எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. அவர் ஓய்வு பெறும்போது அதுவும் வெளியேறுகிறது.

சென்னையில் இதன் விலை கூடியிருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல், தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுடன், கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. முந்தைய கட்டத்தில் சுத்திகரிப்பு தடுமாறினால் ஆர்.ஓ. சவ்வுகள் அடைபடும், அந்த அளவுக்குக் குடிநீர் ஆதாரங்களின் மீதான சுமை கூடும். இதைவிடக் கொடியது மனித உயிர்ப்பலி. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்த பின்னரும் பாதாளச் சாக்கடையில் விஷவாயு தாக்கி மனிதர்கள் மடிகிறார்கள். கேரளத்தில் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம், சாக்கடைக் குழியில் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் ‘பாண்டிகூட்’ இயந்திரத்தை உருவாக்கியது. 2018-இல் திருவனந்தபுரத்தில் அது களமிறங்கக் கேரள நீர் ஆணையம் துணை நின்றது. அந்த வாய்ப்பு கிட்டியிராவிட்டால், அதுவும் இறுதியாண்டு செயல்திட்ட அறிக்கையாகவே அலமாரியில் உறங்கியிருக்கும்.

தமிழகத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ளன. பல ஊர்களில் கல்லூரியும் சுத்திகரிப்பு நிலையமும் ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கின்றன. இருந்தும் உறவு, ஒருநாள் தொழிற்சாலைப் பார்வையோடும் குழுப் புகைப்படத்தோடும் முடிகிறது. உள்ளாட்சிகளுக்குத் தரவு வெளியே போனால் வழக்கு வருமோ என்ற அச்சம்; பராமரிப்பை எடுத்த ஒப்பந்ததாரருக்கு மாணவர்கள் தொல்லை. பேராசிரியருக்கோ பதவி உயர்வு தருவது ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கைதான். பழுதான காற்றூட்டியைச் சீராக்க உதவியதற்கு மதிப்பெண் கிடையாது. இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் பெரிய தடையாகக் கருதுகிறேன். ஏனெனில், அதை மாற்ற அரசுக்குச் செலவே இல்லை.

2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த ‘நடைமுறைப் பேராசிரியர்’ திட்டம் துறை வல்லுநர்களுக்கு வகுப்பறையைத் திறந்துவிட்டது. நிலையத்தின் மூத்த இயக்குநர்களுக்குப் பட்டம் இல்லாவிடினும், அவர்களை மதிப்பூதியத்துடன் வாரம் ஒருமுறை கற்பிக்க அழைக்கலாம். தரவை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை வாரியமும் கல்லூரியும் எழுத்தில் வரையறுக்க வேண்டும். ஒப்பந்தம் ஒரு பருவத்தோடு முடியாமல், குறைந்தது ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் தாண்ட வேண்டும். ஜூனில் கையெழுத்தானால், அக்டோபரில் முதல் பெருமழை குழாய்களுக்குள் இறங்கும்போது மாணவர்கள் மாதிரிக் குப்பிகளோடு அங்கே இருப்பார்கள்.