ஒரு பெயரை அடித்துவிட்டேன்

கிளிவெட்டியில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் எச்.ஐ.வி. பற்றிக் கட்டுரை எழுதி வந்தான். தலைப்பு, 'உயிர்க்கொல்லி நோய்'. அதனை அடித்துவிட்டு வேறு தலைப்பிடச் சொன்னேன். "மேடைகளில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள், ஐயா?" என்றான். நியாயமான கேள்விதான்.

1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டலில் தாம் திரட்டிய இரத்த மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டு சென்றார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் இந்நோய் கண்டறியப்பட்டது அப்போதுதான். அன்று மருந்தில்லை, பெயர் பொருந்திற்று. இன்றோ நாடோறும் மாத்திரை உட்கொள்பவர் நீண்டகாலம் வாழ்கிறார். இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி அடங்கிவிட்டால், அவர் துணைக்கு அது தொற்றுவதுமில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தினால், ஒளிந்திருக்கும் கிருமி தலைதூக்கும்.

ஆகவே அறிஞர்கள் நோயெதிர்ப்பு அணுவையே திருத்த முனைந்தனர். கிருமி அவ்வணுவினுள் நுழையப் பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்னும் புரதமே வாசல். அவ்வாசல் பிறவியிலேயே அமையாத ஒருவரின் குருத்தணுக்களை, இரத்தப் புற்றுநோய்க்காக 2007 இல் பேர்லினில் திமோதி பிரவுன் பெற்றார், எச்.ஐ.வி.யும் நீங்கிற்று. 2020 இல் அவரைக் கொண்டுசென்றது புற்றுநோயே. பென்சில்வேனியாவில் 12 பேரின் அணுக்களை வெளியே எடுத்து, வாசலைக் குலைத்து, அவரவர்க்கே திரும்பச் செலுத்தினர். அம்முடிவு 2014 இல் வெளியாயிற்று. சிலர் மாத்திரையை நிறுத்திப் பார்த்தபோது, திருத்திய அணுக்கள் ஏனையவற்றிலும் மெதுவாகவே குறைந்தன. நோய் தீர்ந்துவிட்டதென்று சொல்ல முடியாது, வழி தெரிந்தது.

எனக்குப் பெருவியப்பு வேறொன்று. ஹீமோபிலியா என்னும் குருதியுறையாக் குறையுள்ள ஐவருக்கு அதே வேலூரில் மரபணுச் சிகிச்சை அளித்த செய்தி 2024 இல் வெளியாயிற்று. நல்ல மரபணுவை அவர்தம் குருத்தணுக்களுள் சுமந்து சென்றது எது? கேடு செய்யும் பகுதிகள் நீக்கப்பெற்ற எச்.ஐ.வி.யின் உடலிலிருந்து ஆக்கிய ஊர்தி! கொல்லி என்று நாம் தூற்றியது அங்கே கூலியாள்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. கிளிவெட்டியில் எவர் எங்கே போகிறார் என்பது பஸ் ஏறுமுன்னே ஊருக்குத் தெரியும். திருகோணமலைக்குச் சென்று இரத்தம் சோதிக்க நினைப்பவன் காதில் முதலில் விழுவது அந்தப் பெயர். சாவைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு, "அஞ்சாமல் வா" என்றால் எவன் வருவான்?

மாணவன் மறுநாள் 'எச்.ஐ.வி. தொற்று' என்று மட்டும் எழுதி வந்தான். அழகில்லாத தலைப்புத்தான், ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.