பிள்ளை கையில் செல்போன்: உள்ளே யாருடைய கடை?

கடையில் கூட்டம். பக்கத்தில் பிள்ளை அழுகிறது. செல்போனைக் கையில் கொடுத்து அமர்த்தி விடுகிறோம். உத்திரமேரூர் கடைவீதியில் மட்டுமா? எல்லா ஊரிலும் இதே கதைதான். குறை சொல்ல வரவில்லை. வியாபாரத்தையும் பார்க்க வேண்டும், பிள்ளையையும் பார்க்க வேண்டும். ஆனால் வியாபாரிகளே, சற்று யோசியுங்கள். நம் கடைக்குள் இருக்கும் அந்தப் பிள்ளை உண்மையில் யாருடைய கடையில் உட்கார்ந்திருக்கிறது?

இலவசக் கார்ட்டூனுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. பிள்ளையின் பார்வைதான் அங்கே சரக்கு. எதைப் பார்த்தது, எவ்வளவு நேரம் பார்த்தது என்று குறித்து வைத்து விளம்பரம் காட்டுகிறார்கள். பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டியதாக அமெரிக்காவில் எழுந்த வழக்கில், கூகுளும் யூடியூபும் 2019இல் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் சட்டம் கெட்டதைத் தடுக்கலாம். நல்லதை ஆக்கித் தருமா?

அதை நாமே ஆக்கினால் என்ன? கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் தினமும் சென்னைக்குப் பஸ் ஏறும் இளைஞர்களே, உங்களைத்தான் கேட்கிறோம். குழந்தைகளுக்கு ஒரு தமிழ் இணையதளம். படிப்பும் இருக்க வேண்டும், விளையாட்டும் இருக்க வேண்டும்.

சரக்கு எங்கே என்கிறீர்களா? நம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவார்கள். அதை எடுப்பது யார்? ஒன்றும் அறியாத ஒரு சிறுவன்! குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு வேண்டுமா? திரையில் குடம், விரலால் தொட்டால் ஓலை வரும். 35 வயது ஆகாதவரை நீக்கு, 70 வயதைத் தாண்டியவரை நீக்கு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை அவருடைய உறவினரோடு சேர்த்து நீக்கு. (இந்தக் கடைசி விதியைப் பெரியவர்களும் விளையாடிப் பார்க்கலாம்.)

கோயில் சுவர்தானே, நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டாம். அது ஊரின் வரலாறு. நாமும் இந்த ஊர்தான். அதே சமயம், பெருமையை மட்டும் சொல்லி முடித்துவிடவும் கூடாது. அந்தச் சபைக்கு நிலமும் வேத அறிவும் உள்ளவர்தான் தகுதி. உழுதவருக்கு அதில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. இன்றைய வாக்குரிமை எவ்வளவு பெரியது என்று பிள்ளைக்குப் புரிய வேண்டுமானால் இதையும் காட்டத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் மழலையர் பாடங்களை இணையத்தில் தந்தது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. நமக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1969இல் வந்த 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள், டிவிக்குப் பக்கத்தில் வேறு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பிள்ளைகளின் கண் எந்த இடத்தில் டிவியை விட்டுத் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தைத் திருத்தினார்கள். நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். பிள்ளைகள் நாலு பேரிடம் போனைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே முழிக்கிறார்களோ அங்கே தப்பு நம்முடையது.

எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். படிக்கத் தெரியாத குழந்தைக்குக் குரல் வேண்டும். விலை குறைந்த போனிலும், சிக்னல் குறைந்த கிராமத்திலும் திறக்க வேண்டும். பெயர், போன் நம்பர், போட்டோ எதையும் கேட்கக் கூடாது. விளம்பரம் அறவே கூடாது, நம் கடை விளம்பரம் உட்பட!

அப்படியானால் செலவுக்கு? இணைய முகவரிக்கும் இடத்துக்கும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். கடைவீதியில் பத்துக் கடைகள் பங்கு போட்டால் முடிந்தது. ஆனால் ஒரு தடவை கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது. ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31இல் நிறுத்தப்பட்டதும், அதில் செய்த எத்தனையோ குழந்தை விளையாட்டுகள் திறக்காமல் போயின. ஆண்டுதோறும் பராமரிக்க ஆள் வேண்டும். முதலில் குட விளையாட்டை மட்டும் செய்யுங்கள்; கடையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்ப்போம்.